தொலைவையும் காலத்தையும் கடக்கும் மருத்துவம்

நுழையும்முன்

நோயாளியும் மருத்துவரும் ஒரே இடத்தில் நேருக்குநேர் சந்திக்கும்போதுதான் மருத்துவம் தொடங்குகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. தொலைபேசியும் காணொலியும் இடத்தின் தடையை நீக்கிவிட்டன. காலத்தின் தடையோ இன்னும் நீங்கவில்லை. நோயின் விவரங்களைச் சேமித்து அனுப்பி, வல்லுநரின் விடையைப் பின்னர்ப் பெறும் முறை அத்தடையையும் நீக்க வல்லது. அதன் வரலாற்றையும் பயனையும் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரண்டு தடைகள்

மலைச்சிற்றூரில் வாழும் உழவர் ஒருவர், ஆறாத தோல்புண்ணுக்காக நகரத்து வல்லுநரை நாடிச் செல்கிறார். ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, புறநோயாளிச் சீட்டுக்கான வரிசை எல்லாம் கடந்தபின் வல்லுநரின் முன் அமரக் கிடைப்பவை சில நிமிடங்களே. அந்நேரத்திலும் ஒரு பகுதி பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டுவதில் கழிந்துவிடுகிறது. நோயைக் கண்டறிய வல்லுநருக்குத் தேவைப்பட்டவை எவை? புண்ணின் தோற்றம், அது தோன்றிய காலம், அதன் வளர்ச்சி, முன்பு உட்கொண்ட மருந்துகள், நீரிழிவு முதலிய பிற நோய்கள் ஆகியவையே. இவை அனைத்தும் படமாகவும் எழுத்தாகவும் பயணம் செய்யக் கூடியவை. ஆனால் இவற்றைச் சேர்ப்பதற்காக மனிதர் ஒருவரே பயணம் செய்ய நேர்கிறது.

மருத்துவ ஆலோசனைக்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று இடம், மற்றொன்று காலம். காணொலி ஆலோசனை முதல் தடையை மட்டுமே நீக்குகிறது. சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகள் கூடும் காலை வேளையில் நகரத்து வல்லுநர் அறுவை அரங்கில் இருக்கிறார். அவர் ஓய்வு பெறும் மாலை வேளையில் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். இருவரும் திரையின் முன் அமர்ந்த நேரத்தில் இணைய இணைப்பு அறுந்துபோவதும் உண்டு. எனவே, தொலைவு குறைந்தும் காத்திருப்பு குறையவில்லை.

சேமித்து அனுப்பும் முறை இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. நோயாளிக்கு அருகில் இருக்கும் செவிலியரோ மருத்துவரோ, நோய்வரலாற்றையும் படங்களையும் ஆய்வு முடிவுகளையும் முறைப்படி தொகுத்து அனுப்புகிறார். வல்லுநர் தமக்கு நேரம் வாய்க்கும்போது அவற்றைப் படித்து, ஆராய்ந்து, விடை எழுதுகிறார். தொலைபேசி உரையாடலுக்கும் மடலுக்கும் உள்ள வேறுபாடே காணொலி ஆலோசனைக்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு ஆகும்.

இது புதுமையானது என்று எண்ணுவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். எக்ஸ் கதிர்ப் படத்தைப் படித்து அறிக்கை தரும் மருத்துவர் பெரும்பாலும் நோயாளியைக் காண்பதில்லை. திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து புற்றுநோய் உண்டா இல்லையா என்று தீர்ப்பவரும் காண்பதில்லை. அவர்களுடைய அறிக்கையை நம்பியே அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கிறார். ஆகவே, காலம் பிரிந்த ஆலோசனை மருத்துவமனைக்குள் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. அதை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுசெல்வதே இன்றைய தேவை.

மடல்வழி மருத்துவம்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மடல்வழி ஆலோசனை பெருவழக்காக இருந்தது. சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் வாழ்ந்த மருத்துவர் சாமுவேல் தீசோவுக்கு வந்த மடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பணியாற்றிய வில்லியம் கல்லன், தாம் நேரில் காணாத நோயாளிகள் பலருக்கு மடல்வழியே மருத்துவம் பார்த்தார். விடைகளின் படிகளைப் பாதுகாக்க அவர் பயன்படுத்திய பொறி, நீராவிப் பொறியை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் உருவாக்கி 1780ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற படியெடுக்கும் பொறியாகும். நோய்க்குறிப்பைச் சேமித்துவைக்கும் பழக்கத்துக்குத் தொழில்நுட்பம் துணைநின்ற தொடக்கக் காலச் சான்றுகளுள் இது ஒன்று.

இவ்வழக்கம் ஏன் மங்கியது? 1816ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் லெனெக் இதயத்துடிப்புமானியைக் கண்டறிந்தார். நோயாளி சொல்வதைக் கேட்பதோடு அவரது உடல் சொல்வதையும் கேட்கும் கலை வளர்ந்தது. தட்டிப் பார்த்தல், தொட்டுப் பார்த்தல், செவிவழி அறிதல் ஆகியவை நோயறிதலின் அடிப்படைகளாயின. மடலால் உடலைச் சுமந்துசெல்ல இயலவில்லை. எனவே, நோயாளியே மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. கடலில் செல்லும் மாலுமிகளைப் போன்று வேறு வழியற்றோருக்கு மட்டும் தொலைவு ஆலோசனை எஞ்சியது. 1935ஆம் ஆண்டில் இத்தாலியின் உரோம் நகரில் தொடங்கப்பட்ட மையம், கப்பல்களுக்கு வானொலிவழியே மருத்துவ அறிவுரை வழங்கியது.

மடல் இழந்த கண்ணை எண்முறை ஒளிப்படக்கருவி மீட்டுத் தந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த சுவின்ஃபென் இணையர் 1998ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். அதன் முதல் இணைப்பு 1999ஆம் ஆண்டில் வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகிலுள்ள முடக்குவாதமுற்றோர் மறுவாழ்வு மையத்துடன் ஏற்பட்டது. ஓர் ஒளிப்படக்கருவி, அதை நிறுத்த ஒரு தாங்கி, மின்னஞ்சல் அனுப்ப ஒரு கணினி ஆகியவையே கருவிகள். அங்குள்ள மருத்துவர் படத்தையும் கேள்வியையும் அனுப்புவார். தொலைவிலுள்ள வல்லுநர் ஊதியம் பெறாமல் விடை எழுதுவார். செயற்கைக்கோளும் பெருஞ்செலவும் இன்றித் தொலைமருத்துவம் இயலும் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தது.

வரிசையைச் சுருக்கிய படங்கள்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் தமிழ்நாட்டைவிடப் பதின்மூன்று மடங்கு பரப்புடையது. அங்கு வாழ்வோரோ ஏறத்தாழ ஏழு லட்சம் பேர்தாம். சிற்றூர்கள் பலவற்றுக்குச் சாலையே இல்லை. சிறு விமானமோ படகோ பனிச்சறுக்கு வண்டியோதான் போக்குவரத்து. அச்சிற்றூர்களில் மருத்துவர் இல்லை. ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற நலவாழ்வுப் பணியாளர்கள் உள்ளனர். அப்பகுதிப் பழங்குடிக் குழந்தைகளிடம் காதுநோய் மிகுதி. அது கவனிக்கப்படாவிட்டால் கேட்கும் திறன் குன்றும். கேட்கும் திறன் குன்றினால் பேச்சும் கல்வியும் தடைப்படும்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அப்பணியாளர்கள் படமெடுக்கும் கருவி பொருத்திய காதுநோக்கியால் செவிப்பறையைப் படம்பிடித்து, கேள்திறன் ஆய்வு முடிவுகளோடு நகர மருத்துவமனைக்கு அனுப்பி வருகின்றனர். நோம் நகரைச் சார்ந்த பகுதியில் நிகழ்ந்த மாற்றம் குறிப்பிடத்தக்கது. இம்முறைக்கு முன்பு, புதிய நோயாளிகளுள் 47 விழுக்காட்டினர் காது மூக்கு தொண்டை வல்லுநரைக் காண ஐந்து மாதமோ அதற்கு மேலோ காத்திருந்தனர். இம்முறை நிலைபெற்ற பின்னர் அத்தகையோர் 3 விழுக்காட்டுக்கும் கீழ்க் குறைந்தனர்.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. படத்தைக் கொண்டே தீர்வு பெற்றவர்கள் மட்டும் பயனடையவில்லை. அவர்கள் வரிசையிலிருந்து விலகியதால், நேரில் சென்றே ஆக வேண்டியவர்களுக்கும் இடம் விரைவில் கிடைத்தது. யார் வர வேண்டும், யார் வர வேண்டியதில்லை, யார் உடனே வர வேண்டும் என்று பிரித்தறிவதே மருத்துவத்தின் பெரும்பணி. அப்பணியை வாயிற்படியில் நின்று செய்வதைவிட நோயாளி புறப்படுமுன்பே செய்வது நன்று.

முப்பது நாள்களுக்குள்

காலம் பிரிந்த ஆலோசனை என்றால் மெதுவான ஆலோசனை என்று பொருள் கொள்வோர் உண்டு. அது தவறு என்பதற்குக் கர்நாடகம் சான்று தருகிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. பிறந்தபின் அவை முறைதவறி வளர்ந்தால் விழித்திரை பிரிந்து, குழந்தை நிலையாகப் பார்வையிழக்கக் கூடும். தொடக்கத்தில் இந்நோய் வெளியே தெரியாது. பெற்ற தாயாலும் அறிய இயலாது. குழந்தை பிறந்து 30 நாள்களுக்குள் முதல் ஆய்வு நடக்க வேண்டும். முற்றிய நிலை தெரிந்தால் இரண்டு மூன்று நாள்களுக்குள் லேசர் மருத்துவம் செய்ய வேண்டும். தவறினால் மீட்க வழியில்லை.

இந்நோயை அறிந்து மருத்துவம் பார்க்கும் வல்லுநர் மிகச் சிலர். அவர்களும் பெருநகரங்களில் இருப்பவர்கள். எடை குறைந்த பச்சிளம் குழந்தையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுசெல்வது அதன் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். பெங்களூருவின் நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை 2008ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள், அகன்ற பரப்பைப் படம்பிடிக்கும் விழித்திரைக் கருவியுடன் மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் சென்றனர். எடுத்த படங்களைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று தரம்பிரித்து அனுப்பினர். தொலைவிலிருந்த வல்லுநர் தம் கைப்பேசியிலேயே படங்களைக் கண்டு முடிவு தெரிவித்தார்.

மருத்துவரின் கடிகாரமும் நோயாளியின் கடிகாரமும் பொருந்தாதபோதும் நோயின் கடிகாரத்தைத் தவறவிடாதிருக்க முடியும் என்பதே இதன் பாடம். சிவப்புக் குறியிட்ட படம் முதலில் பார்க்கப்படும். பச்சைக் குறியிட்டது காத்திருக்கலாம். வந்த வரிசை அல்ல, நோயின் கடுமையே முறையைத் தீர்மானிக்கிறது.

இந்தியாவின் பாதை

2000ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்தின் அரகொண்டா சிற்றூரில் அப்பல்லோ குழுமம் தொலைமருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அம்மையத்தைச் சென்னையுடன் செயற்கைக்கோள்வழி இணைத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்ப் பார்வை மையங்களைத் தன் மருத்துவர்களுடன் இணையத்தால் இணைத்தது. 2019ஆம் ஆண்டில் நடுவணரசு ‘இ-சஞ்சீவனி’ சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வளர்ந்த அச்சேவை, 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், நேரலை ஆலோசனையோடு காலம் பிரிந்த ஆலோசனையையும் ஏற்றுக்கொண்டன. போதை தரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தருவதற்கு அவை தடை விதித்தன.

சட்டம் இடம் தந்துள்ளது, கருவிகள் உள்ளன, இணையம் சிற்றூரை எட்டியுள்ளது. எனினும் தொலைமருத்துவம் என்றவுடன் காணொலித் திரையே நினைவுக்கு வருகிறது. இந்நோக்கு மாற வேண்டும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடையோரின் இல்லங்களுக்கே சென்று மருந்து வழங்குகின்றனர். நீரிழிவு கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் ஓசையின்றித் தாக்கும் நோய். மருந்து கொண்டுசெல்லும் அதே கைகள் காற்புண்ணின் படத்தையும் இரத்த அழுத்த அளவையும் வல்லுநருக்குக் கொண்டுசேர்க்குமானால், விரலை இழக்கவிருந்த பலர் அதைக் காத்துக்கொள்ள இயலும்.

நான்காவது கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தளிப்பவர் என்பவை அவை. நான்காமவரை வள்ளுவர் முதல் மூன்றுக்கும் இணையாக வைத்திருப்பது எண்ணத்தக்கது. சேமித்து அனுப்பும் முறையின் வெற்றி முழுவதும் அந்நான்காமவரையே சார்ந்துள்ளது.

படம் தெளிவாக அமைய எவ்வளவு ஒளி வேண்டும், புண்ணின் அளவை எவ்வாறு குறிக்க வேண்டும், எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பவற்றைக் கிராம சுகாதாரச் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். வல்லுநரின் விடை வந்தபின் அதை நோயாளிக்கு அவரது மொழியில் விளக்குபவரும் அவரே. ஒவ்வொரு விடையும் அவருக்கு ஒரு பாடமாகிறது. பத்துப் படங்களுக்கு விடை பெற்றவர் பதினோராவது புண்ணைத் தாமே ஓரளவு அறிந்துகொள்கிறார். நேரலைப் பேச்சு காற்றோடு போகும். எழுத்தில் வந்த விடை நிலைத்து நிற்கும். எனவே, இம்முறை அறிவை நகரத்தில் குவிக்காமல் சிற்றூரிலும் விதைக்கிறது. ஆனால் ஏற்கெனவே பணிச்சுமையால் வருந்தும் செவிலியர்மீது பயிற்சியும் ஊதியமும் இன்றி மேலும் ஒரு கடமையைச் சுமத்தினால் விதை முளைக்காது.

எல்லைகளும் ஐயங்களும்

எந்த முறைக்கும் எல்லை உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, மகப்பேற்றின்போது ஏற்படும் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு மடல் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அங்கு 108 ஊர்தியே தேவை. வயிற்றுவலியின் காரணத்தை அறிய மருத்துவரின் கை வேண்டும். மனநோயாளிக்குச் செவிசாய்க்கும் மனிதர் வேண்டும். நேரில் பார்க்கும்போது மருத்துவர் ஒரு கேள்வியிலிருந்து மறு கேள்விக்குச் செல்வார். மடலிலோ ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் கழியலாம். மங்கலான படத்தைக் கொண்டு ஊகிப்பது பெருந்தவறு. ‘இப்படம் போதாது, நோயாளியை நேரில் அனுப்புக’ என்று எழுதும் துணிவு வல்லுநருக்கு வேண்டும்.

நோயாளியின் மறைகாப்பு மற்றொரு சிக்கல். உடற்படம் பணியாளரின் சொந்தக் கைப்பேசியில் தங்குவதும், செயலிக் குழுக்களில் உலவுவதும் அறமாகா. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் பெற்றே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பொதுவிதியாகக் கொண்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கும் அவ்வொப்புதலின் பொருளை விளக்குவது மருத்துவரின் கடமை. படங்களைக் கணினியே தரம்பிரிக்கும் நுட்பமும் வளர்ந்து வருகிறது. கணினி வரிசைப்படுத்த உதவலாம்; முடிவுக்குப் பொறுப்பேற்பவர் பெயரும் பதிவெண்ணும் உடைய மருத்துவராகவே இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் வலிமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. செல்வர்க்கு மருத்துவரின் தொடுகை, ஏழைக்கு மருத்துவரின் மின்னஞ்சல் என்னும் இரட்டை முறைக்கு இது வழிவகுக்காதா என்பதே அது. இந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. சிற்றூர் மருத்துவமனையில் நிரப்பப்படாத பணியிடத்துக்கு இம்முறை சாக்காகுமானால் அது அநீதியே. ஆயினும் அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வல்லுநரை ஒருநாளும் காணாமலே பார்வையை இழப்பவருக்கு, நேரடி ஆலோசனையின் உயர்வைப் பேசுவதால் பயன் இல்லை. வல்லுநரின் விடை ‘வருக’ என்று அமைந்தால் வருவதற்கான நாளும் ஊர்தியும் உறுதியாக வேண்டும். அவ்வுறுதி இருந்தால் இம்முறை ஏழையைத் தள்ளிவைக்கும் சுவராகாது. உரிய கதவுக்கு அழைத்துச் செல்லும் வழியாகும்.

காத்திருப்பது எது?

மருத்துவத்தில் மிக அரிய பொருள் மருந்தன்று, கருவியன்று, வல்லுநரின் நேரமே. அந்நேரத்தைப் பங்கிடும்போது யாரேனும் காத்திருந்தே ஆக வேண்டும். இதுவரை அச்சுமையைக் கூலியை இழந்து, பசியோடு வரிசையில் நின்று நோயாளியே சுமந்து வந்துள்ளார். சேமித்து அனுப்பும் முறையில் நோயாளிக்குப் பதிலாக நோய்க்குறிப்பு காத்திருக்கிறது. குறிப்புக்குப் பசியில்லை, கூலியிழப்பில்லை.

அதற்காக அரசும் மருத்துவ உலகும் செய்ய வேண்டியவை சில உள்ளன. விடை தருவதற்கு நோயின் கடுமைக்கேற்பக் காலவரம்பு விதிக்க வேண்டும். விடை எழுதும் நேரத்தை மருத்துவரின் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். நான்காவது கூறான செவிலியருக்குப் பயிற்சியும் மதிப்பும் வழங்க வேண்டும். மறைகாப்புடைய பொதுத் தளம் ஒன்றை மட்டுமே பயன்படுத்தச் செய்ய வேண்டும். நேரில் காணவேண்டியவர்க்கு வழியை உறுதிசெய்ய வேண்டும். இவை நிறைவேறினால், மலையூரில் பிறந்த குறைமாதக் குழந்தையின் கண்ணும் நகரத்தில் பிறந்த குழந்தையின் கண்ணும் ஒரே கவனத்தோடு காக்கப்படும். தொழில்நுட்பத்தின் மேன்மை அதன் விரைவில் இல்லை. அது யாரைச் சென்றடைகிறது என்பதிலேயே உள்ளது.